காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

ஜூலை 6, ஞாயிறு

வாணி பெங்களூரிலிருந்து அனுப்பிய பார்சல் வந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘தாரணி பூபதி, வீரப்பன்சத்திரம், ஈரோடு’ என்று அச்சிட்டிருந்தது. உள்ளே ஒரு மைக், அதை மேசையில் நிறுத்த ஒரு சின்ன ஸ்டாண்டு, காதில் மாட்ட ஹெட்போன். இது போதாதென்று, சொந்தமாகப் பாட்காஸ்ட் தொடங்குவது எப்படி என்று சொல்லித்தரும் இணைய வகுப்பு ஒன்றிலும் என்னைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். வாரத்துக்கு ஒரு பாடம்.

போன் செய்து திட்டினேன். “எனக்கு எதுக்குடி இதெல்லாம்?”

“அக்கா, நீ பாட்டுக்குச் செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்க. ஸ்கூலுக்கும் போக மாட்டேங்கற. எங்கிட்டயும் பேச மாட்டேங்கற. மைக்கு கிட்டயாவது பேசு.”

என் தங்கைக்கு எப்போதும் இப்படித்தான். தலைவலி என்றால் மாத்திரை தர மாட்டாள், தலையணை வாங்கி அனுப்புவாள்.

முதல் பாடத்தைப் பார்த்தேன். வகுப்பு எடுக்கும் மேடம் ரொம்ப நாள் வானொலியில் இருந்தவராம். கற்றுக்கொள்வதை அன்றன்றைக்கு எழுதி வையுங்கள், ஒரு வரியானாலும் பரவாயில்லை என்றார். அதற்காகத்தான் இது. வேறு எதையும் இதில் எழுதப்போவதில்லை.

ஜூலை 9, புதன்

எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டுமாம். உங்களுக்கு எது நன்றாகத் தெரியுமோ அது என்கிறார் மேடம். எனக்குத் தெரிந்தது கணக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பதினோரு வருஷம் எடுத்திருக்கிறேன். கணக்கென்றால் பயப்படும் பிள்ளைகளுக்காகப் பேசலாம் என்று இருக்கிறேன்.

வாணி சிரித்தாள். “கணக்கைப் போர்டு இல்லாம எப்படிக்கா சொல்லுவ?”

சொல்லலாம். பயம் போர்டில் இல்லை, காதில்தான் இருக்கிறது.

மத்தியானம் அத்தையை, அதாவது என் மாமியாரைப் பார்க்க அவருடைய சொந்தக்காரப் பெண் ஒருவர் வந்தார். நான் காபி கொடுத்தேன். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு என் வயிற்றைப் பார்த்தார். “ஒண்ணும் நெனைக்காத கண்ணு. அடுத்தது நல்லபடியா பொறக்கும். இன்னொண்ணு வந்துட்டா இதெல்லாம் மறந்தே போயிரும்.”

அத்தை பேச்சை மாற்றினார். நான் டம்ளரைக் கழுவி வைத்தேன்.

சரி, ஒரே ஒரு முறை எழுதிவிடுகிறேன். பங்குனியில், ஒன்பது மாதம் முடிந்து, எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வயிற்றுக்குள்ளேயே இதயத் துடிப்பு நின்றுவிட்டிருந்தது. என்னிடம் காட்டவில்லை. பார்த்தால் மறக்க முடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்து, அடக்கம் செய்ய மாமாவிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாமா என்றால் என் கணவர் பூபதி. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

எழுதியாயிற்று. இனி பாட்காஸ்ட் பற்றி மட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

இன்றைய பாடம்: எங்கே உட்கார்ந்து பேசுவது.

எங்கள் தெருவில் மூன்று தறிக்குடோன்கள். பொழுது விடிந்தால் தறி ஓடும், அடைந்தாலும் ஓடும். கல்யாணமாகி வந்த புதிதில் தூக்கமே வரவில்லை, இப்போது அது நின்றால்தான் விழிப்பு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடாது. ஆகவே ஞாயிறுதான் என் ஒலிப்பதிவு நாள்.

வெறும் அறையில் குரல் சுவரில் பட்டு எதிரொலிக்கும், துணி நிறைய உள்ள இடமாகப் பாருங்கள் என்கிறார் மேடம். துணி பீரோவைத் திறந்துவைத்து, அதற்குள் முகத்தை நீட்டிப் பேசுங்கள் என்றார். பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். பிறகு செய்து பார்த்தேன். உண்மைதான், குரல் அப்படியே மெத்தென்று விழுகிறது.

துணி அதிகம் உள்ள பீரோ சின்ன அறையில் இருக்கிறது. மேல் தட்டுகளில் என் புடவைகள். கீழ்த் தட்டைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை, மேலே உள்ள துணியே போதும்.

ஜூலை 17, வியாழன்

‘ப’ என்று சொல்லும்போது மைக்கில் காற்று இடித்து வெடிக்கிறது. கைக்குட்டையை மடித்து முன்னால் கட்டினேன். பத்து, பதினொன்று, பெருக்கல், பின்னம். இப்போது பரவாயில்லை.

மாமா இன்றைக்கும் மூன்று தடவை போன் செய்துவிட்டார். பம்ப்செட் கம்பெனியில் சர்வீஸ் பார்க்கிறவர், தோட்டம் தோட்டமாக அலைகிற வேலை. கிணற்றுக்குள் இறங்கும் முன் ஒன்று, ஏறிய பின் ஒன்று. “என்ன பண்றே? சாப்ட்டியா? ஒண்ணுமில்லையே?” வேறு பேச்சு கிடையாது. முன்பெல்லாம் இப்படிச் செய்ய மாட்டார். எரிச்சலாக வருகிறது.

ஜூலை 27, ஞாயிறு

முதல் ஒலிப்பதிவு.

மேடம் சொன்னது: ஆயிரம் பேரிடம் பேசுவதாக நினைக்காதீர்கள். ஒரே ஒரு ஆளை மனத்தில் வைத்துக்கொண்டு அவரிடம் பேசுங்கள். அவர் யார், எங்கே உட்கார்ந்து கேட்கிறார், எல்லாவற்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் ஆறாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்காரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டேன். கழித்தல் பற்றிப் பேசினேன். பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்குவது பிள்ளைகளுக்கு ஏன் குழப்பமாக இருக்கிறது என்று. பத்து நிமிஷம் வந்தது. மோசமில்லை.

மாமாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஆறாங்கிளாஸ் புள்ளைக்குப் பேசறாப்பல இல்ல.”

“பின்னே?”

“இன்னும் சின்னதுக்குப் பேசறாப்பல இருக்கு. ரொம்பச் சின்னதுக்கு.” ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். “எதுக்கும் இன்னொருக்கா பேசிப் பாரு புள்ள.”

வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நேற்றுதான் துடைத்தார்.

திரும்பக் கேட்டேன். குரல் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மைக்கைத் தள்ளி வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தெருவே காவிரிக்குப் போயிருக்கிறது. அத்தை என்னையும் கூப்பிட்டார். பாடம் இருக்கிறது என்றேன். “ஆத்துக்குப் போயி ஒரு முழுக்குப் போட்டா மனசு லேசாகும் அம்மணி” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, தேங்காய் பழத்தோடு தனியாகக் கிளம்பினார். மாமாவும் போகவில்லை. ஆற்றங்கரைப் பக்கமே அவர் இப்போது போவதில்லை. கருங்கல்பாளையம் போக வேண்டுமென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

வீடு இவ்வளவு அமைதியாக இருந்தும் ஒலிப்பதிவு செய்யவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எடிட்டிங். குரல் திரையில் மலை மலையாகத் தெரிகிறது. திக்கினதை, இருமினதை வெட்டி எடுக்கலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது. பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரிதான்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நான் மூச்சு இழுப்பது கேட்டது. அசிங்கமாக இருந்தது. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எல்லா மூச்சையும் வெட்டி எடுத்தேன். மாமாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் கேட்டவர் சட்டென்று ஹெட்போனைக் கழற்றினார்.

“என்ன பண்ணி வெச்சிருக்கே? மூச்சு எங்க?”

“வெட்டிட்டேன்.”

“அதையேன் வெட்டினே? நீ மூச்சு விடறதே இல்ல இதுல. வேண்டாம். திரும்ப வை.”

“கேக்கறவங்களுக்கு இதெல்லாம்...”

“திரும்ப வைன்னு சொல்றேன்ல?”

எட்டு வருஷத்தில் என்னிடம் இப்படிக் கத்தியதில்லை. அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் பழையபடி ஆக்கினேன். அது வரைக்கும் அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்த வாரம் விருந்தினர் பாடம். ஒருவரை உட்காரவைத்துப் பேட்டி எடுத்துப் பழக வேண்டும்.

மேடம் சொன்ன இரண்டு விஷயங்கள். ஒன்று, பேசுகிறவர் மைக்கைப் பார்த்தாலே விறைத்துக்கொள்வார். அதனால் குரல் அளவு பார்க்கும்போது ‘காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேளுங்கள். வானொலியில் எல்லாரும் கேட்கிற கேள்வி அதுதானாம். யோசிக்காமல் பதில் வரும், உடம்பும் தளரும். இரண்டு, கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் பேச்சை நிறுத்தினாலும் நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். அந்த மௌனம் அவருக்கு உரியது.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் லத்தீபா அக்காவைக் கேட்டேன். எல்.ஐ.சி. ஏஜென்ட். பேசுவதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. “எனக்கும் கணக்குக்கும் ஆகவே ஆகாதேம்மா” என்றார். அதுதான் வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

லத்தீபா அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு வந்தார். படம் பிடிப்பதில்லை என்று சொன்னதும் கோபம். “முன்னாலயே சொல்றதில்ல?” பீரோவின் இரண்டு கதவையும் திறந்துவைத்து, ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்தோம்.

எட்டாம் வாய்ப்பாட்டில் அடி வாங்கிய கதையைச் சொன்னார். கணக்கு வாத்தியாரைக் கண்டு ஸ்கூலுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில் ஏறிக்கொண்டதையும் சொன்னார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என் சிரிப்பும் பதிவாகியிருக்கிறது. கேட்கும்போது யாரோ போல இருக்கிறது.

பிறகு சாதாரணமாகத்தான் கேட்டேன். “உங்க பிள்ளைங்களுக்கு நீங்க கணக்குச் சொல்லிக் குடுத்தீங்களாக்கா? உங்களுக்கு மூணு பேர்தானே?”

“நாலு” என்றார்.

எனக்குத் தெரிந்து மூன்று பேர். ஒருவன் துபாயில், இரண்டு பெண்களும் கட்டிக்கொடுத்தாயிற்று. மேடம் சொன்னதுபோல வாயை மூடிக்கொண்டேன்.

“எல்லாரும் மூணுன்னுதான் சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரரே அப்படித்தான் சொல்லுவாரு. மொதல்ல ஒரு பையன். பொறந்தப்பவே மூச்சு இல்ல. அது ஆச்சும்மா, இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல. யாராச்சும் எத்தனை பிள்ளைன்னு கேட்டா, ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள ஒரு கூட்டல் போடுவேன். போட்டுட்டு மூணுன்னு வெளியே சொல்லுவேன். ஒரு நாளு பாலிசிக்காரங்க வீட்ல ஒரு அம்மா கேட்டாங்க. வாய் தவறி நாலுன்னு வந்துருச்சு. வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. ஆனா அன்னைக்கி ராத்திரி நல்லாத் தூங்கினேன். அதுல இருந்து நாலுதான்.”

முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தாரணி, உன்னைக் கேட்டா நீ என்ன சொல்லுவே?”

லேப்டாப்பில் சார்ஜ் குறைந்துவிட்டது. நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அத்தை என்னோடு பேசவில்லை. மத்தியானம் தட்டில் சோற்றைப் போடும்போதுதான் வாய் திறந்தார்.

“அந்த மாடிவீட்டுப் புள்ளைய ஏன் வரச் சொன்னே? நல்லவதான், நான் இல்லீங்கல. ஆனா ஆறுற புண்ணைப் போயிக் கிண்டிக்கிட்டு. பேசப் பேச அது பெருசாகுமே ஒழிய ஆறாது கண்ணு.”

“நான் எதுவும் பேசலைங்க அத்தை. அவங்கதான் பேசினாங்க.”

“நீ பேசலைன்னா அங்க உக்காந்து ஏன் தேம்பினே?”

நான் தேம்பியதாக எனக்கு நினைவில்லை. ஒலிப்பதிவின் கடைசிப் பகுதியை இன்னும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பாடம் பார்க்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

கேட்டேன். சார்ஜ் குறையவில்லை. லத்தீபா அக்கா கேள்வி கேட்ட பிறகும் பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான் தேம்புவதும் அதில் இருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

வாணி இரண்டாவது மைக் ஒன்று அனுப்பியிருந்தாள். இருவர் பேசினால் இரண்டு குரலும் ஒரே அளவில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அத்தை கோவிலுக்குப் போயிருந்தார். சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவைக் கூப்பிட்டேன். “சும்மா ரெண்டு நிமிஷம் உக்காருங்க. அளவு மட்டும் பாத்துக்கறேன்.”

முக்காலியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க உட்காருகிறவர் மாதிரி இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது.

“காலையில என்ன சாப்ட்டீங்க?”

“நீதானே போட்டே? இட்லி.”

“அப்படியில்ல. கொஞ்சம் நீளமாச் சொல்லுங்க.”

“இட்லி, தக்காளிச் சட்னி. சட்னியில உப்பு கம்மி. நான் சொல்லல.”

அளவு சரியாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துவதற்காகத்தான் கையை நீட்டினேன். ஆனால் வாயில் வேறு வந்துவிட்டது.

“அன்னிக்கி என்ன சாப்ட்டீங்க?”

“என்னிக்கி?”

“பங்குனியில. ஆஸ்பத்திரியில.”

அவர் மைக்கையே பார்த்தார். திரையில் அவர் குரலுக்கான கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. தறி ஓடாத தெருவில் எங்கேயோ ஒரு பால்காரர் ஹாரன் அடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பாடத்துக்காகத் திறக்காமல் இருந்தேனா, திறக்க முடியாமல் இருந்தேனா என்று தெரியவில்லை.

“புரோட்டா” என்றார்.

இன்னும் கொஞ்ச நேரம் கோடு நேராகப் போயிற்று.

“எல்லாம் முடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தேன். எதுத்தாப்பல ஒரு கடை. அப்படி ஒரு பசி புள்ள. ரெண்டு புரோட்டா சாப்ட்டேன். சால்னா இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு கேட்டு வாங்கிச் சாப்ட்டேன். மகளை மண்ணுல வெச்சுட்டு வந்தவனுக்கு அப்படிப் பசிக்குமா? அந்தக் கடைக்காரன் மூஞ்சி கூட எனக்கு மறக்கல.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி சித்தப்பா கார் ஓட்டினாரு. நான் பின்னால, மடியில வெச்சுக்கிட்டு. பச்சைத் துணியில சுத்தி, மூஞ்சிய மூடிக் குடுத்திருந்தாங்க. தொறக்காதேன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. பாலத்துகிட்ட ரயில்வே கேட்டு போட்டுட்டான். வண்டி நின்னுருச்சு. அப்பத் தொறந்துட்டேன்.”

“எப்படி இருந்தா?”

“தூங்கறாப்பல” என்று ஆரம்பித்துவிட்டு உடனே தலையை ஆட்டினார். “இல்ல. அப்படிச் சொல்லக் கூடாது. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. தூங்கறாப்பல இல்ல. எதையோ யோசிக்கறாப்பல இருந்தா. ரெண்டு புருவத்தையும் இப்படிச் சுருக்கி... நீ பேப்பர் திருத்தறப்ப வெப்பியே, அதேதான். நகம் நீளமா இருந்துச்சு. இதை வெட்டி விடோணுமேன்னு நெனச்சேன். நெனச்சு, யார்கிட்ட நெய்ல்கட்டர் கேக்கறதுன்னு கூட யோசிச்சேன்.”

அவர் அழவில்லை. விலாசம் சொல்கிறவர் மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். நான்தான் பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“அங்க ஆத்தங்கரையில குழி வெட்டறவரு வயசானவரு. பேரைச் சொல்லி மூணு பிடி மண்ணு போடுங்க சாமின்னாரு. பேர் வெக்கலீங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. பேர் இல்லாம எப்படி அனுப்பறது? எதையாச்சும் சொல்லோணும்னு பாத்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது. நம்ம எத்தனை பேர் பாத்து வெச்சிருந்தோம். ஒண்ணும் வரல. வாயில ஒரே ஒரு பேருதான் இருந்துச்சு.”

நிறுத்தினார்.

“உன் பேரைச் சொல்லிட்டேன்.”

எனக்குப் புரியவில்லை.

“உன் பேரைச் சொல்லி மூணு பிடி மண்ணு போட்டுட்டேன் புள்ள. நீ அங்க ரத்தம் ஏத்திக்கிட்டுக் கெடக்கறே. நான் இங்க உசுரோட இருக்கறவ பேரைச் சொல்லி மண்ணப் போடறேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள உனக்கு ஏதாச்சும் ஆயிருக்கும்னே நெனச்சேன். அதான் நேரா நீ இருந்த மாடிக்கு வரப் பயந்துட்டு அந்தக் கடையில உக்காந்தேன். அப்புறம் பசிச்சிருச்சு. இன்னிக்கி வரைக்கும் அந்தப் பயம் போகல. போன் எடுக்க நீ ரெண்டு ரிங்கு லேட் பண்ணினா எனக்கு அங்கேயே கை காலு ஓடாது.”

அப்போதுதான் உறைத்தது. பங்குனிக்குப் பிறகு இவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. புள்ள, ஏம்புள்ள, இந்தா. நான் அதைக் கவனிக்கவே இல்லை. என் மேல் பிடிப்பு விட்டுப்போயிற்று என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதை எழுதக்கூட இல்லை.

முதலில் நான் சிரித்தேன். ஏன் என்று தெரியவில்லை. அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். அப்புறம்தான் அழுகை வந்தது. முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, பீரோவிலிருந்து தொங்கிய ஏதோ ஒரு புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தொடத் தயங்கித் தயங்கி என் முதுகில் கையை வைத்தார்.

“தப்புத்தான். அம்மாகிட்டக் கூடச் சொல்லல. கேட்டா அபசகுனம்னு பதறிப்போயிரும்.”

“கூப்பிடுங்க” என்றேன்.

“என்னத்தை?”

“பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க மாமா.”

என் முதுகிலிருந்து கையை எடுக்காமல் கூப்பிட்டார். பாதிதான் வெளியே வந்தது. “தாரணி.”

எங்கள் இருவரில் யாரைக் கூப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

பீரோவின் கீழ்த் தட்டைத் திறந்தேன். குழந்தைக்கென்று வாணி வாங்கிவந்த மஞ்சள் சட்டையில் பூச்சி அரித்திருக்கிறது. அங்கிருந்த துணிகளை வெயிலில் போட்டேன். அத்தை பார்த்தார். சாயங்காலம் எல்லாவற்றையும் அவரே எடுத்துவந்து மடித்து வைத்திருந்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆற்றங்கரைக்குப் போய்வந்தோம். மாமா இடத்தைக் காட்டினார். அதை எழுத வேண்டாம்.

செப்டம்பர் 18, வியாழன்

லத்தீபா அக்காவிடம் அவர் பேச்சை வெளியிடலாமா என்று கேட்டேன். “போடு. நாலுன்னு சொன்ன இடத்தை மட்டும் வெட்டிராதே” என்றார்.

மாமாவின் ஒலிப்பதிவைப் பற்றி அவரிடம் கேட்டேன். அது நமக்கு மட்டும் இருக்கட்டும் என்றார். சரி என்றேன். “ஆனா பேரை நீ சொல்லிக்கோ. அது உன்னுதும்தானே” என்றார் மாமா.

கழித்தலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் பகுதி எண்ணுவதைப் பற்றி.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று வெளியிட்டாயிற்று.

மத்தியானம் வரை ஏழு பேர் கேட்டிருப்பதாகத் திரையில் காட்டியது. வாணி இரண்டு தடவை கேட்டிருப்பாள். போன் செய்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டாள்.

மாமா கூடத்தில் உட்கார்ந்து போனில் இன்னொரு தடவை போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை குக்கரை ஏற்றிவிட்டு, உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தோடு அடுக்களை வாசற்படியில் வந்து நின்றார்.

“அம்மணி பேசினதா அது? எனக்கும் ஒருக்கா போடு.”

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் போனைத் தரையில் வைத்து முதலிலிருந்து போட்டார். அத்தை அதைப் பார்த்துக் குனிந்து நின்றார். என் குரல் வந்தது. மூச்சு இழுத்துவிட்டு ஆரம்பிக்கிறேன்.

“வணக்கம். என் பேர் தாரணி. ஈரோட்டில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எனக்கு ஒரு மகள். அவள் பேரும் தாரணி. அவள் இப்போது இல்லை. யாராவது எனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டால், இனிமேல் ஒன்று என்றுதான் சொல்லப்போகிறேன்.”

“நிறுத்து” என்றார் அத்தை.

மாமா நிறுத்தினார்.

“அது என்னடா பேரு? ஆரு வெச்சா?”

“நான்தாம்மா. அங்க கேட்டாங்க. வாயில இதுதான் வந்துச்சு.”

அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அபசகுனம் என்பார், போனை எறிவார், மாரியம்மன் கோவிலுக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். அவர் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வெங்காயத்தைப் பக்கத்தில் வைத்தார்.

“இவளைக் கொழந்தையப் பாக்க விடாதீங்கன்னு நர்சம்மாகிட்ட நான்தான் சொன்னேன். சொல்லிட்டு நான் மட்டும் பாத்தா ஞாயமில்லீன்னு நானும் பாக்கல. துணியோட வாங்கி, துணியோட உங்கையில குடுத்தேன்.” ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். “நீ பாத்தியாடா?”

“பாத்தேன்.”

“முடி இருந்துச்சா?”

“நெறைய இருந்துச்சும்மா.”

“சுருட்டையா?”

“சுருட்டைதான்.”

“உங்கப்பனுக்குச் சுருட்டை” என்றார். “நெறம்?”

மாமா சொல்லத் தொடங்கினார். நெற்றி, காது மடல், கால் விரல். அத்தை ஒவ்வொன்றாகக் கேட்டார், அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில் எப்போதோ அத்தை என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி வாய்விட்டு அழ ஆரம்பித்தார். நான் மண்டியிட்டு அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மாமா நிறுத்தவில்லை. மூக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குக்கர் விசில் அடித்தது. இன்னொன்று. யாரும் எழுந்திருக்கவில்லை. மதியச் சோறு குழைந்து போயிற்று. மூன்று பேரும் அதையே ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம்.